‘மற்றும் பிறர்’ வரிசையில் 2408

ஆபீசில் என் அக்காவுக்குப் பட்டப்பெயர் முற்றுப்புள்ளி. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள், அந்தத் தைரியம் யாருக்கு இருக்கிறது? ஆனால் அவளுக்குத் தெரியும். “பரவால்ல, பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க” என்று அத்தானிடம் சொன்னாளாம். அத்தான் அவள் வீட்டுக்காரர், பஸ் ஓட்டுகிறவர். எங்கள் இருவருக்கும் நடுவில் பன்னிரண்டு வருஷமாகச் சேதி ஓட்டியவரும் அவர்தான்.

அக்கா ஒரு பெரிய பொது நூலகத்தில் பட்டியல் பிரிவில் இருக்கிறாள். புதுப் புத்தகம் எதுவும் நேரே அலமாரிக்குப் போய்விடாது. முதலில் கீழ்த்தளத்தில், நீளமான தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிற அவள் அறைக்கு வர வேண்டும். அட்டையை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. உள்ளே திருப்பித் தலைப்புப் பக்கத்தைத்தான் பார்ப்பாள். யார் எழுதியது, எங்கே அச்சானது, எத்தனை பக்கம், எல்லாவற்றையும் ஒரு புள்ளிகூட விடாமல் பதிவாள். ஆரம்பத்தில் இது உள்ளங்கை அளவு அட்டையில் டைப் அடிக்கிற வேலை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டருக்குச் சுயபுத்தி கிடையாது. இது பெயர், இது ஊர் என்று கட்டம் கட்டிக் கொடுத்தால்தான் படிக்கும். கட்டத்துக்கு ஓர் எண். முதல் ஆசிரியர் நூறு. தலைப்பு இருநூற்று நாற்பத்தைந்து. கூட எழுதினவர்கள் எழுநூறு. கட்டம் மாறினால் இயந்திரம் திருதிருவென்று முழிக்கும், தேடி வந்தவருக்குப் புத்தகம் கிடைக்காது.

இந்த எண்கள் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டன. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்க நிற்கும்போது, “மாப்பிள்ளை பொண்ணு நூறு, நாமெல்லாம் எழுநூறு, ஓரமா நில்லுங்க” என்பாள். அத்தான் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்துகிறவள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்று பேராசிரியர்களோடு சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினேன். தேங்கிய தண்ணீரில் வளரும் செடிகளைப் பற்றியது. அவர்களிடம் பட்டம் இருந்தது, என்னிடம் முழங்கால் இருந்தது. நாலு வருஷம் குளம், குட்டை, சாக்கடை ஒன்று விடாமல் இறங்கினேன். தண்ணீருக்குள் நின்றுகொண்டு ஓர் இலையையே பார்த்துக்கொண்டிருப்பேன், மேகம் காலடியில் போகும், நேரம் போவதே தெரியாது. புத்தகம் வந்தது. தலைப்புப் பக்கத்தில் நாலு பெயர். நாலாவது என்னுடையது.

ஒரு பிரதியில் ‘அக்காவுக்கு’ என்று எழுதி எடுத்துக்கொண்டு நூலகத்துக்கே ஓடினேன். அதற்குள் அவர்கள் வாங்கிப் பதிந்துவிட்டார்கள் என்று கேள்வி. தேடும் கம்ப்யூட்டரில் என் பெயரை அடித்தேன். முடிவுகள் இல்லை என்றது. தலைப்பை அடித்தேன். வந்தது. முதல் பேராசிரியர் பெயர், அதற்குப் பிறகு ‘மற்றும் பிறர்’. அவ்வளவுதான். விறுவிறுவென்று கீழே இறங்கினேன்.

“அக்கா, என்ன இது?”

“விதி. மூணு பேர் வரைக்கும்னா எல்லாரையும் போடலாம். நாலு ஆயிட்டா முதல் ஆளை மட்டும் போட்டு, மற்றும் பிறர்.”

“அது அட்டையில இடம் இல்லாத காலத்துல போட்ட விதி. கம்ப்யூட்டர்ல இடத்துக்கு என்ன பஞ்சம்?”

“விதி மாறல. மாறினா போடுவேன்.”

“கூடப் பிறந்தவளைப் பிறர் ஆக்கிட்டியே அக்கா!”

அவள் மேஜையில் இருந்த அழிக்கும் ரப்பரை எடுத்து நேராக வைத்தாள். நான் புத்தகத்தைப் பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. விசேஷ வீடுகளில் அவள் ஒரு கோடி, நான் ஒரு கோடி. அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் வலித்தது. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். “ஏம்மா, விதி மாறிடுச்சு.”

புதுப் பதிவு விதிகள் வந்திருந்தன. இனிமேல் சுருக்கெழுத்து கூடாது, ‘பக்.’ என்று இருந்த இடத்தில் ‘பக்கங்கள்’ என்று முழுசாக எழுத வேண்டும். தலைப்புப் பக்கத்தில் எத்தனை பெயர் இருந்தாலும் அத்தனையும் போடலாம். பழைய பதிவுகளையும் திருத்திப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றப் போகிறார்கள். அதில் ஒரு சிக்கல். அலமாரியில் பிரதி இல்லாத பதிவு புதிதற்குப் போகாது, பழசோடு அழிந்துவிடும்.

“அப்ப என் பேரு?” என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

“வரும்மா, வரும். மிஷின்தான் இப்ப திருத்திட்டு இருக்கு.”

மிஷின் திருத்திய அழகை என்ன சொல்ல! கணினிக்காரர் ‘பக்.’ என்று தேடி மாற்றச் சொல்வதற்குப் பதிலாக, புள்ளியை விட்டுவிட்டு ‘பக்’ என்று மட்டும் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை ‘பக்கத்து வீட்டு ஆமை’ என்ற குழந்தைகள் புத்தகம் ‘பக்கங்கள்கத்து வீட்டு ஆமை’ ஆகியிருந்தது. பக்குவம் ‘பக்கங்கள்குவம்’ ஆனது. பக்திப் புத்தகங்கள் பட்ட பாட்டைச் சொல்லவே வேண்டாம். கணினிக்காரர் அசடு வழிய அக்கா முன்னால் வந்து நின்றாராம். அவள் திட்டவில்லை. “ஒரு புள்ளிதானேன்னு நினைச்சீங்க” என்றாளாம். அன்றிலிருந்து ஆபீசில் அந்தப் பட்டப்பெயரை யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.

பக்கங்களைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் ‘மற்றும் பிறர்’ மிஷினால் ஆகிற காரியம் இல்லை. அந்தப் பிறர் யார் யார் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து, தலைப்புப் பக்கத்தைத் திருப்பி, ஒரு மனுஷி பார்த்தாக வேண்டும். அப்படி இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதின்மூன்று பதிவுகள். அக்கா ஏற்றுக்கொண்டாள். என்னுடையது வரிசையில் 2408.

“முதல்ல அதை எடுத்துப் போட்டா என்னவாம்?” என்று அத்தானிடம் கத்தினேன்.

“கேட்டேனே. வரிசைப்படிதான் வரும்ங்கிறா. ஒத்தக் கால்ல நிக்கிறா.”

வாராவாரம் அத்தான் கணக்குச் சொன்னார். எண்ணூற்று இருபது. ஆயிரத்து நூறு. நான் கேட்காத மாதிரி பாத்திரம் கழுவுவேன், காது மட்டும் அங்கே இருக்கும். பெயர் வந்தால் என்ன கிரீடமா வைக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அடுத்த வாரம் அத்தான் வர ஒரு மணி நேரம் தாமதமானால் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பேன்.

ஒருநாள் அத்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “உங்க அக்காவுக்கு ஒரு கனவு வருதும்மா. சாப்பிட்டுட்டு நாற்காலியிலயே கண்ணசருவா இல்ல, அப்ப.”

கனவில் அவள் அறைக்கு வெளியே இருக்கும் தாழ்வாரம் இன்னும் நீளமாக இருக்குமாம், முடிவே தெரியாதாம். மேலே இருக்கும் சின்ன ஜன்னல்களிலிருந்து வெளிச்சம் மாவு மாதிரி இறங்கிக்கொண்டிருக்குமாம். இரண்டு பக்கமும் பெஞ்சு. பெஞ்சு முழுக்க ஆட்கள். யாரும் பேச மாட்டார்கள், அவசரப்பட மாட்டார்கள், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள்தான் பிறர். அக்கா கதவைத் திறந்து ஓர் எண்ணைச் சொல்வாள். ஓர் ஆள் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வருவார். வந்து தன் பெயரைச் சொல்வார். சொல்லும்போதுதான் அவருக்கு முகம் வருமாம்.

“ரொம்பத் தள்ளி ஒரு பெஞ்சுல ஒருத்தி உட்கார்ந்திருக்காளாம். கால் ரெண்டும் முழங்கால் வரைக்கும் ஈரமாம். தரையெல்லாம் தண்ணியாம். யாருன்னு தெரியுமாம், ஆனா எண் வராம கூப்பிட முடியலையாம். அழுதுக்கிட்டே முழிச்சிருக்கா.”

நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். குழாயைத் திறந்து விட்டு அழுதேன். அத்தானுக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூட இடைவேளையில் போன் அடித்தது. அவள் குரல். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு, எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

“உன் புத்தகம் அலமாரியில இல்ல. யாரோ எடுத்துட்டுப் போய்த் திருப்பல. எங்கயும் கிடைக்கல, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுத் தேடிட்டேன். வெள்ளிக்கிழமை பழைய கம்ப்யூட்டரை நிறுத்துறாங்க. பிரதி இல்லன்னா பதிவு போயிடும்.”

“என் பேரு உனக்குத் தெரியாதா? மனசுல இருக்கிறதைப் போடேன்!”

“புத்தகத்தைப் பார்க்காம போடக் கூடாது.”

கோபம் வர வேண்டிய இடம். சிரிப்புதான் வந்தது. இவள் மாறவே மாட்டாள் என்பதில் எனக்கு எப்படி இவ்வளவு நிம்மதி என்று புரியவில்லை.

“கொண்டு வரேன்” என்றேன்.

வியாழக்கிழமை நல்ல மழை. துணியில் சுற்றி வைத்திருந்த அந்த ஒரே பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். தாழ்வாரத்தில் நடக்கும்போது செருப்பு சளக் சளக் என்றது. அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டலாமா என்று யோசித்தேன். தட்டவில்லை. வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டேன். மேலே ஜன்னலில் மழை வெளிச்சம். என் காலைச் சுற்றித் தண்ணீர் தேங்கியது. எத்தனை நேரம் இருந்தேனோ, குளத்துக்குள் நிற்கிற மாதிரி இருந்தது.

கதவு திறந்தது. அவள் தலை நன்றாக நரைத்திருந்தது. என் காலைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டாயிரத்து நானூத்தி எட்டு” என்றாள்.

நான் எழுந்து உள்ளே போனேன்.

புத்தகத்தைத் திறந்தவுடன் ‘அக்காவுக்கு’ கண்ணில் பட்டது. அதன் மேல் விரலை வைத்தாள், அழிகிறதா என்று பார்க்கிறவள் மாதிரி. பிறகு தலைப்புப் பக்கம். எழுநூறு என்ற கட்டத்தை மூன்று முறை திறந்தாள். இரண்டாவது பெயர், மூன்றாவது பெயர். என் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். கம்ப்யூட்டர் முனகியது.

“இதே பேர்ல ஏற்கெனவே ஒருத்தி இருக்கா. கோழி வளர்ப்பு எழுதினவ, இடையில வந்தவ. ரெண்டு பேரையும் பிரிக்கணும். பிறந்த வருஷம் வேணும்.”

“கோழிக்காரியோட சேர்ந்து நிக்கவா நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்!” என்று அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தாள். “இது தப்பு. வயசுல ஒண்ணு கூட. நான் ஸ்கூலுக்குப் போனா நீ வாசல்ல உருண்டு அழுவே. அக்காவோடதான் போவேன்னு. அப்பா தாங்க முடியாம வயசைக் கூட்டிச் சொல்லிச் சேர்த்துவிட்டாரு.”

“அது உனக்கும் எனக்கும் தெரியும். அட்டையில இருக்கிறதுதானே ஆதாரம்? ஆதாரம் இல்லாம நீ எதைப் போட்டிருக்கே?”

அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். காலைத் துடைத்துக்கொள்ளத் தன் துண்டைக் கொடுத்தாள். புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு நான் கிளம்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் நாலாக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்தார். என் பெயருக்காக அவள் திறந்த பதிவின் அச்சு. பெயர் சரி. தொழில், ஆசிரியை, சரி. பிறந்த வருஷம் அடையாள அட்டையில் இருப்பது இல்லை. உண்மையான வருஷம். அதற்குக் கீழே ‘ஆதாரம்’ என்ற கட்டத்தில் ஒரு வரி: ‘இவர் பிறந்த அன்று இதைப் பதிகிறவர் பக்கத்து அறையில் இருந்தார்.’ கடைசியில் முற்றுப்புள்ளி.

நானே போன் போட்டேன். ஏதாவது கிண்டல் செய்யலாம் என்று நினைத்துத்தான் போட்டேன்.

“பக்கத்து அறையில என்ன பண்ணிட்டு இருந்தே?”

“அம்மாவுக்கு வலின்னு என்னைத் தனியா உட்கார வச்சாங்க. எண்ணிட்டே இரு, பாப்பா வந்துடும்னாங்க.” மூச்சு விட்டாள். “எனக்கு அப்ப நூறு வரைக்கும்தான் தெரியும். ஏழு தடவை எண்ணினேன். நீ வந்துட்டே.”