மூடியைத் தூர எறியவும்

மனிதர்கள் மேல் பொறாமை வரும். ஒரு தாள் மேல் வருமா? எனக்கு வந்தது. போன மாதம்தான்.

உதியன்குளங்கரையில் சுகுமாரன் என்பவர் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார். தேங்காய் துருவும் மிஷின் செய்கிறார். இப்போது எல்லோரும் எக்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட் என்கிறார்களே... அவருக்கும் அடித்தது யோகம். மலேசியாவிலிருந்து இருபது மிஷினுக்கு ஆர்டர்! கூடவே ஒரு நிபந்தனை. ‘எப்படி உபயோகிப்பது என்று மலாய் மொழியில் எழுதி, ஒவ்வொரு மிஷினிலும் ஒட்டி அனுப்பவும்’ என்று எஸ்.டி.டி. பூத்துக்கு ஃபேக்ஸ் வந்துவிட்டது.

மனிதர் நேராக என்னிடம் வந்தார். நான் பாறசாலையில் ஒரு டுடோரியல் காலேஜில் இங்கிலீஷ் டீச்சர். ஊரில் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமானாலும் நான்தான்.

“டீச்சருக்குத் தெரியாத பாஷை உண்டா? இதையும் ஒண்ணு எழுதித் தாருங்க.”

மலாயில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. சொன்னேனா? “வச்சிட்டுப் போங்க” என்றேன்.

திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறி, ஒரு லைப்ரரியில் சின்ன இங்கிலீஷ்–மலாய் டிக்‌ஷனரியைப் பிடித்தேன். மிஷினுக்கான இங்கிலீஷ் குறிப்பில் திரும்பத் திரும்ப வந்த வார்த்தை ‘ரிமூவ்’. மூடியை ரிமூவ் செய். பிளேடை ரிமூவ் செய். சிரட்டைத் துண்டுகளை ரிமூவ் செய். டிக்‌ஷனரியில் அதற்கு நேராக நாலைந்து வார்த்தைகள் இருந்தன. முதலில் இருந்தது ‘புவாங்’. முதலில் இருப்பதுதானே முக்கியமானது? மூன்று இடத்திலும் புவாங் போட்டேன். மூன்று நாள் உழைப்பு.

தாளை வாங்க வந்த சுகுமாரன், சட்டைப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார்.

“மெர்சிகிட்டயும் ஒண்ணு எழுதி வாங்கினேன் டீச்சரே. பட்டறையில நின்ன நிப்புல எழுதித் தந்தா. ரெண்டும் ஒத்துப் போகல்ல பாத்தியளா?”

மெர்சி யார்? எங்கள் தெருப் பெண். பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் இரண்டு முறை தோற்றவள். டியூஷன் எடுத்ததே நான்தான். கல்யாணமாகி மலேசியா போய், எட்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்து, பாறசாலையில் கணவரோடு ஃபேன்ஸி ஸ்டோர் நடத்துகிறாள். கடையில் இரண்டு பேரும் மலாயில் ஏதோ பேசிச் சிரிப்பார்கள். நான் உள்ளே நுழைந்தால் தமிழுக்கு மாறிவிடுவார்கள். மரியாதைதான். ஆனாலும் எனக்கு வயிறு எரியும். என் முன்னால் ‘பி’யும் ‘டி’யும் மாற்றி எழுதியவள், எனக்குப் புரியாத பாஷையில் சிரிப்பதா?

அவள் தாளைப் பார்த்தேன். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. நான் மூன்று நாள் எடுத்ததை அவள் நின்ற இடத்தில்...

“ஒரே ரிமூவுக்கு மூணு எடத்துல மூணு வார்த்தை எழுதியிருக்கா பாருங்க. அவளுக்குத் தெரியல்ல” என்றேன்.

இங்கிலீஷ் டீச்சர் சொன்னால் மறுபேச்சு உண்டா? என் தாள் நெய்யாற்றின்கரை பிரஸ்ஸுக்குப் போனது. ஸ்டிக்கரானது. மிஷினிலும் ஏறியது. எனக்கு அந்த வாரம் சோறு ருசியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வெளியே வருகிறேன். மெர்சி காத்திருந்தாள்.

“எக்கா, எனக்க தாளுல தப்புண்டுன்னு சுகுமாரண்ணன் சொன்னாவ. எது தப்புன்னு ஒண்ணு சொல்லித் தருவியளா? எட்டு வருஷம் அங்க இருந்து பேசினது எல்லாம் தப்புதானோன்னு ஒரு வருத்தம்.”

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவள் நிஜமாகவே கற்றுக்கொள்ள வந்திருந்தாள்!

“ஒரு வார்த்தைக்கு ஏன் மூணு எழுதின?” என்றேன்.

“ரிமூவ்னா என்னதுன்னு எனக்குத் தெரியாது எக்கா. பட்டறைக்குப் போய் மிஷினைப் பாத்தேன். மூடியைக் கழத்தணும், பின்ன திரும்ப மாட்டணும். அதுக்கு தங்கால்கான். பிளேடை வெளிய எடுத்துக் கழுவணும். அதுக்கு கெலுவார்கான். சிரட்டைத் துண்டு குப்பையாக்கும். அதைத் தூர எறியணும். அதுக்குத்தான் புவாங்.”

நான் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். அவள் மிஷினைப் பார்த்து எழுதியிருக்கிறாள். நாமே செருப்பைக் கழற்றுகிறோம், கறிவேப்பிலையை எடுத்து ஓரமாக வைக்கிறோம், குப்பையை எறிகிறோம். மூன்றையும் ஒரே வார்த்தையிலா சொல்கிறோம்? தமிழில் தெரிந்த இந்தச் சின்ன விஷயம், டிக்‌ஷனரியைக் கையில் எடுத்ததும் எங்கே போனது?

அங்கே மெர்சியிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “பாத்துச் சொல்லுகேன்” என்று நழுவினேன்.

திங்கட்கிழமை காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு பட்டறைக்கு ஓடினேன். மிஷின்கள் மரப்பெட்டிகளில் தயாராக நின்றன. மறுநாள் லாரி.

“சுகுமாரன், எனக்க தாளாக்கும் தப்பு. மெர்சி எழுதினதுதான் சரி.”

“அவளுக்குத் தெரியல்லன்னு நீங்கதானே டீச்சரே சொன்னிய?”

“பொறாமையில சொல்லிட்டேன்.”

அவர் ஒரு பெட்டியைத் திறந்து ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அப்போ ஸ்டிக்கர்ல என்னதான் எழுதியிருக்கு?”

“மூடியைத் தூர எறியவும். பிளேடைத் தூர எறியவும்.”

“எனக்க தெய்வமே! எல்லாத்தையும் எறிஞ்சிட்டு அந்த மனுஷன் மோட்டாரை வச்சு என்ன செய்வான்?”

ஒரு திட்டு வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. லாரியை இரண்டு நாள் தள்ளிவைத்துவிட்டு, மெர்சியின் தாளோடு நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினார். நான் மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்டிக்கர் மாற்றுகிற விஷயம் கேள்விப்பட்டு, கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு மெர்சியும் வந்தாள். இரண்டு பேருமாக இருபது ஸ்டிக்கரையும் சுரண்டினோம்.

சுரண்டிக்கொண்டே கேட்டாள்: “எனக்க தாளு தப்புன்னு அண்ணன்கிட்ட சொன்னது ஆராக்கும் எக்கா?”

“டிக்‌ஷனரில அப்படிப் போட்டிருந்தது” என்றேன்.

“டிக்‌ஷனரிக்கும் தப்புமா!” என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

வியாழக்கிழமை மிஷின்கள் போய்விட்டன, சரியான ஸ்டிக்கரோடு. நான் பொறாமையில் செய்ததைப் பற்றி சுகுமாரன் இன்றுவரை மெர்சியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்திரிகையின் இந்தப் பக்கத்தை அவள் வாரம் தவறாமல் படிப்பதாக அவள் கணவர் சொன்னார்.

மெர்சி... அது டிக்‌ஷனரி இல்லை. நான்தான்.