மெஷினில் காய்ச்சிய மீன் கறி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. மடுல்கெல்லத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பாதி விஷயம் மறந்தும் போகிறது. கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் அந்த மேசைத் துணிக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வாயால் சொல்லக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

1. கொயில்

எங்கள் லோன்றி குண்டசாலைப் பக்கம் இருக்கிறது. முதலாளி ரியாஸ், மடவளை ஆள். நான் வெளுப்பதும் அயன் பண்ணுவதும்.

எங்கள் குழாயில் வருவது குழாய்க்கிணற்றுத் தண்ணீர். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். கோப்பை காய்ந்தால் வெள்ளை வட்டம் விழும். நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல்லாம். சிங்களத்தில் சொல்வதுபோல நாங்களும் கிவுல் தண்ணீர் என்போம். மடுல்கெல்ல மலைப் பீலித் தண்ணீரில் சவர்க்காரத்தைக் காட்டினாலே நுரைக்கும். இங்கே கெஞ்ச வேண்டும்.

இந்தத் தண்ணீர் வெளுக்கும் மெஷினுக்கு எமன். உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் கொயிலில் வெள்ளை வெள்ளையாகப் படியும். ஒரு கொயில் ஏற்கெனவே எரிந்து போனது. இரண்டாவதை, மெஷின் திருத்த வரும் பாஸ் கழற்றிக் காட்டினார். முருங்கைக்காயை மாவில் புரட்டிய மாதிரி இருந்தது.

பெரிய ஓர்டர் எங்களுக்கு ஒன்றே ஒன்று: திகனப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் கலியாண மேசைத் துணிகள். அது போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். மூடினால் என் வயதில் எனக்கு யார் வேலை தருவார்கள்?

அப்படியான ஒரு நாள், தேத்தண்ணீருக்குத் தண்ணீர் சுட வைக்கும் கடைக் கேத்தலில் கொறக்காய் போட்டுக் கொதிக்க வைத்தேன். மீன் கறிக்குப் போடும் அந்தக் கறுத்த புளிதான். உள்ளே இருந்த வெள்ளையெல்லாம் கழன்று வந்தது. முதலாளி எட்டிப் பார்த்தார்.

"அல்லாஹ்! புதுக் கேத்தல் மாதிரி ஈக்கிதே. என்ன போட்டீங்க மேரியக்கா?"

"கொறக்காதாங்க மொதலாளி."

"கேத்தல் கொயிலும் கொயில்தான், மெஷின் கொயிலும் கொயில்தான். போட்டுப் பாப்பமா?"

"மெஷினுக்கு வயிறு பெருசுங்க."

"அப்ப கூடப் போடோணும்!"

2. யாருடைய சொக்ஸ்?

மறுநாள் காலையில் ஒரு பிடி கொறக்காயைத் துணியில் முடிந்து வெறும் மெஷினுக்குள் போட்டு, சூட்டில் ஓட விட்டேன். வெளியே வந்த தண்ணீர் மண் நிறத்தில், வெள்ளைச் செதில்களோடு வந்தது. கொயில் நன்றாகச் சூடு பிடித்தது. எனக்குச் சந்தோஷம். என் முடிச்சை எடுத்துவிட்டு ஹோட்டல் துணிகளில் பாதியை உள்ளே திணித்தேன்.

கதவின் ரப்பர் மடிப்புக்குள் ஒரு சொக்ஸ் சுருண்டு கிடந்தது. லோன்றியில் ஒற்றை சொக்ஸ் கிடப்பது அதிசயமா? யாருடையதோ, அதுவும் வெளுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

துணிகளை வெளியே எடுத்து உதறினேன். அங்கங்கே பால் குறைந்த தேத்தண்ணீர் நிறம். வாசமோ அசல் மீன் கறி. அந்த நேரம் முதலாளி வந்தார்.

"மேரியக்கா, மெஷினுக்குள்ள ஈந்த என்ட சொக்ஸ் எங்க?"

"அது ஒங்க சொக்ஸா?"

"நீங்க கொஞ்சமாத்தான் போடுவீங்கன்னு தெரியும். அதான் சுபஹு தொழுதிட்டு வந்து, ஒரு சொக்ஸ் நெறயக் கொறக்கா போட்டு வெச்சேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மொதலாளி!"

"சொன்னா வாணாம்பீங்களே!"

திரும்ப வெளுத்தோம். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைத்தால்தானே கறை போகும்! ஹோட்டல் வேன் வரும் நேரமும் நெருங்கிவிட்டது. முதலாளி மீதி வெள்ளைத் துணிகளையும் அள்ளினார்.

"பாதி வெள்ள, பாதி மண்ணுன்னா மாட்டுவோம். எல்லாம் ஒரே நெறத்தில ஈந்தா அதுக்குப் பேரு பேஷன்."

சொக்ஸையும் சேர்த்தே மெஷினில் போட்டார். நான் அவசரமாக அயன் சூட்டிலேயே காயவைத்து மூட்டை கட்டினேன். வேன்காரர் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் ஏற்றிக்கொண்டு போனார். அன்று இரவு கலியாணம்.

3. மனேஜர்

மறுநாள் ஹோட்டல் மனேஜரே துணி மூட்டையோடு வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், கோபக்காரர் என்று பெயர். நான் அயன் மேசைக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டேன். ஓர்டர் போச்சு, கடையும் போச்சு.

"தம்பி ரியாஸ், குறை நினைக்கக் கூடாது. நீர் தந்த துணியைப் பழுதாக்கிப் போட்டம்."

முதலாளி அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"சனம் மேசையில இருந்த உடன, மீன் எங்க, மீன் எங்க எண்டு கேக்கத் தொடங்கீட்டுது. சாப்பாட்டில மீனே இல்லை! பொம்பிளையின்ட தகப்பன், மீனை ஒளிச்சு வச்சிருக்கிறியள் எண்டு குசினிக்குள்ள பூந்து அலுமாரியெல்லாம் திறந்து பாத்தவர். எங்கட குக்கு களவா மீன் காய்ச்சி, அந்தப் புகையிலதான் துணி இப்பிடி ஆகியிருக்கு. இனி வேலைக்கு வராதையும் எண்டு அவனுக்குச் சொல்லிப்போட்டன்."

"பரவால்ல சேர்," என்றார் முதலாளி. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "கொஞ்சம் கஷ்டம்தான். கழுவித் தாறோம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தேன். அப்புறம்தான் அந்தக் குக்கின் ஞாபகம் வந்தது. முகம் தெரியாத மனிதன், என்னை மாதிரி அடுப்புச் சூட்டில் நிற்கிறவன். சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்தேன்.

"சேர், குக்கு ஒண்ணும் பண்ணலைங்க. அது எங்க மெஷின்ல காச்சின மீன் கறிங்க."

"மெஷினிலயோ?"

"மீன் போடலைங்க. கொறக்கா மட்டுந்தான்."

முதலாளி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முழுவதையும் சொன்னேன். மனேஜர் கதிரையில் உட்கார்ந்தார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரிப்பு! கண்ணைத் துடைக்கக் கையில் இருந்த மேசைத் துணியை எடுத்தார். அது மணக்க, இன்னும் சிரித்தார். அங்கிருந்தே குக்குக்குப் போன் எடுத்து வேலைக்கு வரச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அம்மா, எங்கட அறையளில இருக்கிற கேத்தல் முழுக்க உள்ளுக்கு வெள்ளை. வெள்ளைக்காரர் பாத்திட்டுத் தேத்தண்ணி குடிக்கினமில்லை. உந்தக் கொறக்காயில போகுமோ?"

"போகும் சேர்! எல்லாத்தையும் அனுப்புங்க," என்றார் முதலாளி.

"போகுங்க. ஆனா நான்தான் போடுவேன், மொதலாளி போடக் கூடாது," என்றேன் நான்.

அப்படித்தான் துணி ஓர்டரோடு கேத்தல் ஓர்டரும் வந்தது. வெயிலில் போட்டுப் போட்டுத் துணிகள் வெள்ளைக்கு வந்தன.

பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான். மெஷினுக்குப் புளி போட்டால், அடுத்த தடவை வெறும் தண்ணீரில் ஓட விடுங்கள். ரப்பர் மடிப்புக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். எதைப் போட்டாலும் பக்கத்தில் நிற்கிறவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

சுண்ணாம்புக் கல் பற்றி நான் எழுதியது சரியா என்று தெரிந்த யாராவது பார்த்துத் திருத்தித் தாருங்கள். மற்றதை அந்த மனேஜரிடம் கேட்டுச் சரிபார்க்கலாம். எங்கள் முதலாளியிடம் மட்டும் கேட்க வேண்டாம். யோசனை முழுக்கத் தன்னுடையது என்று சத்தியம் பண்ணுவார்.