கப்பல், தேங்காய், குடை, வேலி, மஞ்சள்

நான் பொய் சொன்னேன். மறதி நோயைத் தாங்கி நிற்கும் மூளைகளைப் பற்றிய ஒரு பெரிய ஆராய்ச்சிக்கு, என் பொய்யைக் காட்டித்தான் நிதி வாங்கியிருக்கிறார்கள்.

நீங்கள் என்னைத் திட்டலாம். ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

அந்தமானில், போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் குடியிருக்கிறேன். அப்பா ராமநாதபுரத்திலிருந்து அரசாங்க வேலைக்கு இங்கே வந்தவர். நான் இந்தத் தீவில் பிறந்தவள். வீடு வீடாகப் போய் வயதானவர்களின் ஞாபக சக்தியைச் சோதிப்பது என் வேலை. ஐந்து சொற்களைச் சொல்ல வேண்டும். வேறு பேச்சுப் பேசிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவற்றைத் திருப்பிக் கேட்க வேண்டும். சென்னையிலிருந்து வந்த பட்டியலில் முதல் சொல்லே ரயில். இந்தத் தீவுகளில் ரயில் ஏது! இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அதில் தடுமாறினார்கள். அதனால் எங்கள் ஜனங்களுக்கென்று வேறு ஐந்து சொற்களை நான் பொறுக்கிக் கொடுத்தேன். கப்பல், தேங்காய், குடை, வேலி, மஞ்சள். நல்ல யோசனை என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

பிறகு எனக்கே மறக்கத் தொடங்கியது... தண்ணீர் ஊற்றாமல் குக்கரை அடுப்பில் வைத்தேன். பக்கத்து வீட்டு வங்காளப் பெண்மணியின் பெயர், தினமும் கூப்பிடும் பெயர், தொண்டை வரை வந்து திரும்பிப் போயிற்று. மற்றவர்களின் மறதியை அளக்கிறவளுக்கே மறதி என்றால் சிரிக்க மாட்டார்களா? வேலை என்ன ஆகும்? இல்லை, அதுகூட இரண்டாம்பட்சம்தான். எனக்கு ஒன்றுமில்லை என்று யாராவது சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு பயம்!

தங்கை மகள் கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்தபோது, ஆராய்ச்சியின் அங்குள்ள பிரிவுக்குப் போனேன். தீவுகளிலிருந்து வருகிறவர்களையும் அவர்கள் சேர்த்துக்கொள்வார்கள் என்று தெரியும். என் முகம் அங்கே யாருக்கும் தெரியாது என்பதும் தெரியும். வீட்டில் சும்மா இருப்பதாகச் சொன்னேன். பெயரையும், தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தையும் மாற்றிக் கொடுத்தேன்.

"இந்த டெஸ்ட்டை இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண். பார்த்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது விதி.

"இல்லைம்மா," என்றேன்.

தீவுக்காரி என்பதால், நான் பொறுக்கிக் கொடுத்த சொற்களையே எனக்கு வாசித்துக் காட்டினாள். கேட்டபோது ஐந்தையும் கடகடவென்று ஒப்பித்தேன். பிறகு மூளையைப் படம் எடுத்தார்கள். முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பமா என்றதற்கு வேண்டாம் என்றேன். முழு மதிப்பெண் வாங்கியாயிற்று, அது போதாதா? அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது.

சில மாதங்கள் கழித்து மேடம் போர்ட் பிளேருக்கு வந்தார். சென்னை, வெளிநாடு, தீவு என்று மூன்று இடத்து ஆட்களையும் இணைத்து இந்த ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் அவர். நிதிக்கு விண்ணப்பிக்கும் முன் எங்களையெல்லாம் உட்கார வைத்துப் பேசினார். திரையில் ஒரு மூளையின் படம். பெயர் இல்லை. பெண், ஐம்பத்தெட்டு வயது, போர்ட் பிளேர். தமிழ், இந்தி, வங்காளம், தெலுங்கு பேசுவார் என்று மட்டும் போட்டிருந்தது.

"ஞாபகத்துக்கான இடமே சுருங்கிப் போயிருக்கு பாருங்க," என்றார் மேடம். "இந்த நிலைமையில காலையில சாப்பிட்டதே மறந்து போகணும். ஆனா இந்த அம்மா முழு மார்க் வாங்கியிருக்காங்க. நாலு பாஷை பேசறதுதான் இவங்களைத் தாங்குதுன்னு நினைக்கிறேன். இவங்களை வெச்சுத்தான் நாம நிதி கேக்கப் போறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அது என் மூளை! எனக்கு வந்திருக்கும் நோயை நான் தெரிந்துகொண்டது அப்படித்தான், கைதட்டல் சத்தத்துக்கு நடுவில். அப்போதே எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டாமா? டீ வந்தது, குடித்தேன்.

நிதியும் வந்தது.

அடுத்த முறை வேலையாக நிக்கோபாரில் உள்ள கட்சால் தீவுக்குப் போனேன். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து, அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பங்களில் ஒன்று பார்வதியம்மாவுடையது. அவருக்கு மறதி முற்றிக்கொண்டு வந்தது. மகள் சரோஜா தாயை எதிரில் உட்கார வைத்து ஏதோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தி பழக்குறேன் அக்கா," என்றாள். "நாலு பாஷை பேசுனா மூளை தாங்குமாமே, மேடம் வந்தப்ப சொன்னாங்க. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறத நிறுத்திட்டேன். அம்மாவுக்குக் கப்பல் ஒத்துக்கல."

பார்வதியம்மா, "பானி," என்றார். சரோஜாவின் முகம் மலர்ந்தது. சற்று நேரத்தில் அவருக்குத் தாகம் எடுத்தது. பானியும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. மகளின் கையைத் தட்டித் தட்டிக் குடத்தைக் காட்டினார்.

"ஆஸ்பத்திரிய விட்டுடாத சரோஜா," என்றேன்.

"மேடத்தவிட உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்று சிரித்தாள்.

பையைத் திறந்து சோதனைத் தாளை எடுத்தேன். உண்மையைச் சொன்னால் நிதி நின்றுவிடும், அந்தப் பணத்தில் கட்சாலுக்கு டாக்டர் வருவதும் நின்றுவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. என்னைப் பற்றி நானே வாய்விட்டுச் சொன்னால் அது நிஜமாகிவிடும்... மீதிப் பாதி அதுதான்.

போன வாரம் மேடம் சென்னையிலிருந்து கூப்பிட்டார்.

"அந்த அம்மாவைத் திரும்ப டெஸ்ட் பண்ணணும். குடுத்த நம்பர் தப்பா இருக்கு. உங்களுக்குத்தான் அங்க எல்லாரையும் தெரியுமே, எப்படியாவது கண்டுபிடிச்சுக் குடுங்க."

"தேடறேன் மேடம்," என்றேன்.

நேற்று டவுனிலிருந்து பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். "கஹாங் ஜானா ஹை தீதி?" என்று கண்டக்டர் கேட்டார். எந்த ஊருக்குப் போக வேண்டும்? நான் குடியிருக்கும் இடத்தின் பெயர் வரவில்லை. வழியிலுள்ள டாலிகஞ்ச் கடைகள் ஜன்னலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. கப்பல், தேங்காய், குடை, வேலி, மஞ்சள்... அவை மட்டும் வரிசை தப்பாமல் வந்தன. கண்டக்டர் என்னைத் தெரிந்தவர். அவரே, "கராச்சர்மா, நா?" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மேடத்திடம் நாளை சொல்லிவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். நாளை, நாளை என்று தள்ளுகிறேன். இதை உங்களிடம் சொல்லி வைப்பதும் அதனால்தான். ஒருநாள் இந்தப் பொய்யும் எனக்கு மறந்துபோகும். மேடம் கொடுத்த வேலை மட்டும் ஞாபகத்தில் நின்றால்? நான்கு பாஷை பேசும் அந்த அம்மாவைத் தெரியுமா என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போவேன். அப்போது உண்மையாகவே தேடுவேன்.