தீக்குச்சியால் அளந்த பற்கள்

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். கடிதம் எழுதினால்கூட நலம், நலமறிய ஆவல் என்பதற்கு மேல் எனக்கு ஓடாது. நாலு பேர் கூடின இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. அப்படிப்பட்டவள் மரம் அறுக்கும் மிஷினைப் பற்றி எழுதுகிறாளே என்று சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அந்த மிஷினின் சங்கிலியைத் தீட்டுவது எனக்கு நன்றாகத் தெரியும். அது மட்டும்தான் துணிச்சல்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருக்கும். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் இருந்தோம். வீட்டுக்காரர் ஆடு மேய்க்கிற குடும்பம். நான் டவுனில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அதனால் நானும் ஆபீஸுக்குப் போகிறவள்தான்.

புஞ்சையெல்லாம் வேலிக்கருவை முள்மரம் மண்டிப்போய், அதை வெட்டி எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம். கழுகுமலையில் ஒருவர் பெட்ரோலில் ஓடுகிற ரம்ப மிஷின் ஒன்றைப் பழசாக விற்கிறார் என்று கேள்விப்பட்டு, என் ஒன்பது ஆடுகளையும் கொடுத்து வீட்டுக்காரர் அதை வாங்கி வந்தார். ஆடு போன துக்கம் எனக்கு இரண்டு நாள்தான். மிஷினைக் கிளப்பியதும் தெருவே வந்து நின்று பார்த்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை நாகலாபுரம் பக்கத்து வேலையில் கவிழ்ந்தது. மழைக்கு முன்னால் உழவு போட வேண்டும், ஒரு புஞ்சையைச் சுத்தமாக்கித் தரவேண்டும் என்று அங்கே நிலம் வைத்திருந்த ஒரு சம்சாரி கூப்பிட்டிருந்தார். மரத்தின் அடித்தூரை மண்மட்டத்துக்கு அறுக்கச் சொன்னார். முதல் நாள் மிஷின் வெண்ணெயில் கத்தி போல இறங்கியிருக்கிறது. மழுங்கிய பல்லை அன்று ராத்திரி அவரே தீட்டினாராம், இரண்டாம் நாளிலிருந்து தகராறு. அறுப்பு நேரே போகாமல் பிறை மாதிரி ஒரு பக்கமாக வளைந்து, பாதி மரத்தில் மிஷின் மாட்டிக்கொள்ளும். அதை எடுக்கக் கோடாலிக்காரர்களைத்தான் கூப்பிட வேண்டும். அவர்களும் அதே புஞ்சையில் வேறொரு மூலையில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சும்மா இருப்பார்களா?

"அண்ணாச்சி, மிஷினு மரம் அறுக்குதா, மாவு திரிக்குதா?" என்று ஒருவர் கேட்டாராம். அவர் கேட்டதிலும் தப்பில்லை. நல்ல சங்கிலி என்றால் மரம் சீவல் சீவலாகத் தெறிக்கும். எங்கள் மிஷின் மாவாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் மிஷினைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். திங்கட்கிழமை மத்தியானம் வரை பார்ப்பதாகவும், அதற்குள் மிஷின் ஒழுங்காக அறுக்காவிட்டால் முழுப் புஞ்சையையும் கோடாலிக்காரர்களிடம் விட்டுவிடுவதாகவும் சம்சாரி சொல்லிவிட்டாராம்.

"சரிப்பட்டு வரலேன்னா மிஷினைக் கழுகுமலைக்காரருட்டயே கொடுத்துட்டு நான் திருப்பூர் போறேன்" என்றார் வீட்டுக்காரர். திருப்பூர் பனியன் கம்பெனியில் என் தம்பி இருந்தான். எங்கள் தெருவில் அப்படிப் போனவர்கள் பொங்கலுக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் மட்டும்தான் வந்தார்கள். பக்கத்து வீட்டில் அப்பா ஊருக்கு வந்தால் பிள்ளை கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். நான் சோறு போட்டேன்.

ஞாயிறு ஆபீஸ் லீவு. காலையிலேயே அவர் மிஷினை வாசலில் போட்டு, வட்ட அரத்தால் பல்லைத் தீட்ட ஆரம்பித்தார். சாணி மெழுகிக்கொண்டே நான் பார்த்தேன். அவருக்குத் தெரிந்தது அருவாள் தீட்டுவது. அருவாளுக்கு ஒரே வாய். கூர் வந்துவிட்டதா என்று பெருவிரலால் தடவிப் பார்த்தால் போதும். அதே கணக்கில் இவர் ஒவ்வொரு பல்லையும் கூர் வரும்வரை ராவிக்கொண்டிருந்தார். ஒன்றுக்கு நாலு ராவு, இன்னொன்றுக்குப் பத்து. சங்கிலியில் பல் ஒன்று விட்டு ஒன்று இடது பக்கமும் வலது பக்கமும் பார்த்திருக்கும். ஒரு பக்கத்துப் பல்லை ராவ அவருக்குக் கை வாகாக இருந்தது. மறுபக்கத்துக்கு எழுந்து சுற்றி உட்கார வேண்டும். அவர் எழவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே மணிக்கட்டைத் திருகித் திருகி ராவினார்.

அவர் டீ குடிக்கப் போனதும் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். எனக்கு உடனே ஆபீஸ் ஞாபகம் வந்தது. நாங்கள் சட்டத்தில் அடுக்குகிற குச்சியெல்லாம் ஒரே மட்டமாக நிற்க வேண்டும். ஒன்று நீட்டிக்கொண்டால் பக்கத்துக் குச்சிகளில் மருந்து ஒட்டாது. இந்தச் சங்கிலியில் ஒரு பக்கப் பல்லெல்லாம் நீளம், மறுபக்கமெல்லாம் கட்டை. நான் அடுக்கிய சட்டம் இப்படி இருந்தால் கணக்குப்பிள்ளை என் முன்னாலேயே உதறிக் கொட்டியிருப்பார். நீளப் பல் அதிகம் கடிக்கிறது, அதனால் மிஷின் அந்தப் பக்கமே சாய்கிறது. எனக்கு அப்படித்தான் தோன்றியது.

அவர் டீக்கடையிலிருந்து வர எப்போதும் நேரமாகும். நான் ஒரு தீக்குச்சியை எடுத்தேன். இருப்பதிலேயே கட்டையான பல்லின் மேல் வைத்து, அதே அளவுக்கு என் பல்லால் கடித்து நறுக்கினேன். அதுதான் அளவு. விறகுக்கட்டை ஒன்றின் பிளவில், சங்கிலி சுற்றி ஓடுகிற இரும்புப் பட்டையைச் செருகி ஆடாமல் நிறுத்தினேன். எந்தப் பல்லில் தொடங்கினேன் என்பது மறந்துவிடும் என்று அதற்கு என் சாந்துப்பொட்டில் ஒரு பொட்டு வைத்தேன். உள்ளேயிருந்து வெளியே அரத்தைத் தள்ளுவது, திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுவது, குச்சியை வைத்துப் பார்ப்பது. ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து சுற்றி வந்து மறுபக்கம் உட்கார்ந்தேன்.

கடைசிப் பல்லில் இருக்கும்போது அவர் வந்துவிட்டார்.

"ஏட்டி, என்ன செய்யுத? இருந்த பல்லையும் தேச்சுத் தீத்துட்டியா?"

குச்சித்துண்டை நீட்டினேன். வாங்கி, ஒரு பல்லில் வைத்தார். அடுத்ததில் வைத்தார். பொட்டு வைத்த பல்லுக்குத் திரும்ப வரும்வரை வைத்துக்கொண்டே போனார். பிறகு மிஷினைக் கிளப்பி அந்த விறகுக்கட்டையிலேயே இறக்கினார்.

நூல் பிடித்த மாதிரி நேரே போனது. ஆனால் மாவுதான் கொட்டியது. அழுத்தினாலும் மெள்ளத்தான் இறங்கியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆடும் போய், இப்போது பல்லையும் கெடுத்துவிட்டேனே என்று.

அதற்கு வழி கண்டவர் அவர்தான். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சின்னதாக ஒரு மேடு இருக்கும். பல் பழைய உயரத்தில் இருந்தபோது அந்த மேடு தாழ்ந்து கிடந்தது. நான் ராவியதில் பல் குட்டையாகி, மேடு சரிமட்டமாக நின்று மரத்தை இடிக்கிறது என்று கண்டுபிடித்தார். தட்டை அரத்தால் ஒவ்வொரு மேட்டிலும் இரண்டே தேய்ப்பு தேய்த்தார். எண்ணித்தான் தேய்த்தார், ஒன்றுக்குக் கூட மூன்றாவது தேய்ப்பு கிடையாது. மறுபடி இறக்கியதும் சீவல் பறந்து என் சாணித்தரை முழுக்க விழுந்தது. மெழுகிய தரை பாழானதற்கு என் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான் சந்தோஷப்பட்டேன்.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டு நானும் நாகலாபுரம் பஸ்ஸில் ஏறினேன். சோற்றுத்தூக்கு, தண்ணீர்க்குடம், பழைய விளக்குமாறு. எனக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. தூரில் அப்பியிருக்கும் கரிசல் மண்ணோடு சேர்த்து அறுத்தால் எந்தப் பல்தான் தாங்கும்? அதனால் ஒவ்வொரு மரத்துக்கும் முன்னால் போய், முள்ளில் படாமல் குனிந்து, தூரைச் சுற்றித் தண்ணீர் தெளித்து விளக்குமாற்றால் தேய்த்துவிட்டேன். கோடாலிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மாவு திரிக்குதா என்று கேட்டவர் கிட்டே வந்து மிஷினையும், சங்கிலியில் அழியாமல் மிஞ்சியிருந்த பொட்டையும் பார்த்தார்.

"மரத்தைக் குளிப்பாட்டியாச்சு, மிஷினுக்குப் பொட்டு வச்சாச்சு. தாலி எங்க அண்ணாச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் விளக்குமாற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் மிஷினைக் கிளப்பினார். இருப்பதில் பெரிய தூர். என் இடுப்பு கனம் இருக்கும். நேரே உள்ளே போய் நேரே வெளியே வந்தது. சீவல் பறந்து கேட்டவரின் வேட்டியெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவர் ஒரு சீவலை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, கோடாலி தீட்டவும் குச்சி வைத்திருக்கிறேனா என்று கேட்டார். இந்த முறை எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சம்சாரி மத்தியானத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். அறுத்த தூர்களின் மேல் ஒவ்வொன்றாகக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு வீட்டுக்காரரிடம், "அந்தால ஓடைக்கரை வரைக்கும் நீயே அறுத்துருப்பா" என்றார். அது இன்னும் ஒரு மாத வேலை. திரும்பி வரும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் திருப்பூரைப் பற்றிப் பேசவில்லை. சட்டைப்பையில் அந்தக் குச்சித்துண்டு இருக்கிறதா என்று மட்டும் இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் அவர் நாகலாபுரம் போனார். நான் ஆபீஸுக்குப் போனேன். சொல்லாமல் லீவு போட்டதற்குக் கணக்குப்பிள்ளை ஏசினார். சாயங்காலம் வரை குச்சி அடுக்கினேன்.