கண்ணைத் திறந்தபடி ஜெபித்தேன்

அன்பான சகோதர சகோதரிகளே, உயிர் பிழைத்ததற்காக ஆண்டவர்மேல் கோபப்பட்டவள் நான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

செகந்திராபாத் ரயில்வே காலனியில் வளர்ந்த எனக்குச் சக்கர ஸ்கேட்டிங்தான் எல்லாம். சிமெண்ட் தரையில் பெயிண்டால் போட்ட வட்டத்தின்மேல் ஒற்றைக் காலில் கோடு பிசகாமல் போக வேண்டும். பாட்டுக்கேற்பச் சுழல வேண்டும். மாநிலப் போட்டியில் தங்கம் வாங்கினேன். என்ன திமிர் அப்போது எனக்கு! எமர்ஜென்சி முடிந்த வருஷம், தேசியப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும்போது இருமலில் ரத்தம் வந்தது. டி.பி. என்றார்கள்.

மாதக்கணக்கில் ஊசி. நோய் போனது. ஆனால் காதுக்குள் இருந்துகொண்டு உடம்பை நேராக நிறுத்துகிற நரம்பை அந்த ஊசி கெடுத்துவிட்டது. நடந்தால் தரை ஆடியது. "இது இனி சரியாகாதும்மா" என்றார் டாக்டர். கண் பார்த்துக்கொண்டிருக்கும்வரை எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பேன். கண்ணை மூடினால் விழுவேன்.

அது புரியாமல் ஒரு ஞாயிறு ஆராதனையில் எல்லோரோடும் எழுந்து நின்று, ஜெபத்துக்குக் கண்ணை மூடினேன். அப்படியே பெஞ்சின்மேல் சாய்ந்தேன். நெற்றி கிழிந்தது. வீட்டுக்கு வந்து கத்தினேன். "பொழைக்க வச்சு இப்படித்தான் ஆக்கணுமாம்மா? இனிமே நான் ஜெபமே பண்ண மாட்டேன், போங்க!"

அம்மாவுக்கு எத்தனை வருஷம் இங்கே இருந்தும் திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை. காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே, "ஏட்டி, கண்ணத் தொறந்துக்கிட்டே பண்ணு. அவரு என்ன, வேண்டாம்னா சொல்லப் போறாரு?" என்றார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அன்றிலிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி ஒரே ஜெபம்: ஆண்டவரே, என்னைத் திரும்ப அந்த வட்டத்தில் நிறுத்தும்.

அடுத்த கோடையில் எங்கள் ஊருக்கு வெளியே இருக்கும் ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டி. பரிசு கொடுக்க என்னைக் கூப்பிட்டு, ஓரமாக நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு சிறுமி வட்டக் கோட்டின்மேல் கால் நகராமல் நின்று அழுதாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஐயோ, பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை! யோசிக்காமல் செருப்புக் காலோடு உள்ளே போனேன். அவள் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு போய் இரண்டு கையையும் பிடித்தேன்.

"ஹாத் நக்கோ சோடோ, ஆன்ட்டி." கையை விட்டுவிடாதீர்கள் என்று, பள்ளிக்கூடத்தில் பழகிய எங்கள் ஊர் இந்தியில் கெஞ்சினாள்.

விட்டால் விழப்போவது நான்தான் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நான் பின்பக்கமாக நடக்க, அவள் உருண்டு வர, கோட்டோடு முழு வட்டமும் வந்தோம். வெளியே வந்து நாற்காலியைப் பிடித்த பிறகுதான் உறைத்தது, நான் எங்கே நின்றுவிட்டு வந்திருக்கிறேன் என்று.

"ரேபு கூடா ரண்டி மேடம்" என்று தெலுங்கில் சொன்னார் அவள் அம்மா. நாளைக்கும் வரச் சொல்கிறார். போனேன். இன்றுவரை போகிறேன், பயிற்சியாளராக. என் காலில் மறுபடி ஸ்கேட் ஏறவே இல்லை. அந்த வருத்தம் இன்னும் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் என் பிள்ளைகள் பதக்கத்தோடு ஓடி வரும்போது அது எங்கே போகிறதோ தெரியாது.

பிரியமானவர்களே, மற்றவர்களைப் போல ஜெபிக்க வரவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். உங்களுக்கு முடிந்தபடி கேளுங்கள். அவர் கேட்கிறார்.

ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் பிள்ளைகளும் நானும் அந்த வட்டக் கோட்டின்மேல் கைகோர்த்து நிற்போம். அவரவர் சாமியை அவரவர் நினைத்துக்கொள்வார்கள். எனக்கு இரண்டு பக்கமும் ஒரு சின்னக் கை இருக்கும். அந்த நேரம் மட்டும், நின்றபடியே, நான் கண்ணை மூடி ஜெபிப்பேன். இதுவரை விழவில்லை.