அரச மடாலயத்தில் அக்கா

அக்காவின் மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்ததும் வந்த முதல் சண்டை சாப்பாட்டைப் பற்றியோ மண்டபத்தைப் பற்றியோ அல்ல. அழைப்பிதழில் அத்தானுடைய பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போடுவதா விடுவதா என்பதுதான். ஊரில் யுத்தம் முடிந்தபோது அத்தான் கைகளை உயர்த்திக்கொண்டு போய் இராணுவத்திடம் சரணடைந்தவர். ஆமிக்காரர் அவரைப் பஸ்ஸில் ஏற்றியதை அக்கா தன் கண்ணால் பார்த்தார். நாங்கள் வெளிநாட்டுக்கு வந்து இத்தனை வருசமாகியும் ஒரு தகவலும் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகத்தான் கேட்டார்கள். "ஆள் இருக்கிறாரோ இல்லையோ எண்டு எங்கடை ஆக்களுக்குச் சொல்லவேணும்தானே." அக்கா குங்குமப் பொட்டோடு இருந்து அதைக் கேட்டுவிட்டு எழும்பி உள்ளே போய்விட்டார். மோர்னிங்சைட்டில் இருந்த அச்சகக்காரர் நாளுக்கு ஒரு தடவை போன் எடுத்தார். எனக்குப் பொறுமை குறைவு. செத்தவரைச் செத்தவர் என்று சொல்ல என்ன தயக்கம் என்று அக்காவின் முகத்துக்கு நேரேயே கேட்டேன்.

இடையில் போர்த்துக்கல்லுக்கு ஒரு பயணம் போனோம், அது அக்கா மகளின் ஏற்பாடு. அம்மா நாலு இடம் பார்த்து மனம் ஆறி வந்து முடிவு சொல்லட்டும் என்று அவள் நினைத்தாள். அஜக்ஸில் வீடு வாங்கியது முதல் எதையும் திட்டம் போட்டே செய்கிறவள். துணைக்கு வாருங்கோ சித்தி என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

லிஸ்பனிலிருந்து பஸ் எங்களைக் கொண்டுபோய் இறக்கிய ஊர் சின்னது. வெள்ளைச் சுவரும் ஓட்டுக்கூரையுமாகச் சில தெருக்கள், மண் சேவல் பொம்மை விற்கும் கடைகள், மழையில் நனைந்த கதிரைகளை அடுக்கிவைத்திருந்த கோப்பிக் கடைகள். அத்தனைக்கும் நடுவில் அந்த மடாலயம், அந்த ஊருக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெருப்பத்தில். யுத்தத்தில் வென்ற ராசா நேர்த்திக்கடனாகக் கட்டத் தொடங்கியதாம். பெருந்தெருப் புகையில் கல்லெல்லாம் கறுத்திருந்தது. பின்பக்கம் ஒரு பகுதியைக் கட்டி முடிக்காமலே விட்டுவிட்டார்கள். கூரையில்லாத அந்தத் தூண்களுக்கு நடுவே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ராசாவும் ராணியும் ஒரே கல்லறையின் மேல் சிலையாகக் கைகோத்துப் படுத்திருந்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வென்றவனுக்கு என்ன, பெண்சாதியின் கையைப் பிடித்துக்கொண்டு காலாகாலத்துக்கும் படுத்திருக்கலாம். அக்கா அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"பக்கத்திலையே வைச்சிருக்கினம், பார்," என்றார்.

அடுத்த மண்டபத்தில் இன்னொரு கல்லறை. தரையோடு தரையாக இருந்தது. தலைமாட்டில் ஒரு சுடர் எரிந்தது. இரு பக்கமும் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள், கண் இமைக்காமல் நின்றார்கள். மகள் பலகையை வாசித்துச் சொன்னாள்.

"அம்மா, இது அன்நோன் சோல்ஜர். ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பேர் தெரியாட்டியும் ரெஸ்பெக்ற் பண்ணுகினம்."

"ஆரெண்டு தெரியாமலோ விளக்கு வைச்சிருக்கினம்?"

"ஓம் அம்மா."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா செருப்பைக் கழற்றினார். தடுப்புக் கயிற்றுக்குக் கீழால் குனிந்து உள்ளே போனார். கோயிலில் கற்பூரத்தட்டைத் தொடுவது போல அந்தச் சுடருக்கு மேலே இரண்டு கைகளையும் நீட்டினார். கண்ணில் ஒற்றத்தான் போனார். அதற்குள் ஒரு சிப்பாய் முன்னுக்கு வந்து துப்பாக்கியின் அடிப்பாகத்தால் கல் தரையில் இடித்தான். மண்டபம் முழுக்க அந்தச் சத்தம் அதிர்ந்தது.

கண்ணுக்குப் போன கைகள் அப்படியே மேலே போயின. தலைக்கு மேலே, விரல்களை விரித்தபடி. அக்கா அந்தச் சிப்பாயின் முகத்தைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"என்ரை மனுசனை எங்கை கொண்டுபோனீங்கள்?"

கத்தவில்லை. கடையில் மீனுக்கு விலை கேட்கிற அதே குரல். அவன் விளங்காமல் நிற்கவே திரும்பவும் கேட்டார். அவன் முகம் வெளிறிப் போயிற்று. தன் மொழியில் மெல்ல ஏதோ சொன்னான், மன்னிப்பாகவும் இருக்கலாம். பிறகு பழைய இடத்துக்குப் போய் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி விறைத்து நின்றான். மகள் ஓடிப்போய்த் தாயைக் கட்டிப்பிடித்தாள்.

"அம்மா, ப்ளீஸ், கையைக் கீழை விடுங்கோ. ஹீ டஸின்ற் நோ அம்மா, அவனுக்கு ஒண்டும் தெரியாது."

அந்தக் கைகளைக் கீழே இறக்க அவள் பெரும்பாடு பட்டாள். நாங்கள் இருவருமாக அக்காவை வெளியே கூட்டிவந்து ஒரு கோப்பிக் கடையில் இருத்தினோம்.

"அண்டைக்கு பஸ் வெளிக்கிடேக்கையே கேட்டிருக்கவேணும்," என்றார் அக்கா. "ஆரோ ஒருத்தன் ஏதாவது சொல்லியிருப்பான். பயத்திலை வாய் வரேல்லை. இத்தினை வருசமும் மனசுக்குள்ளைதான் கேட்டுக்கொண்டிருந்தனான்."

ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லுகிறவள் நான். கடையில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். அக்கா அழவில்லை. மகளின் கையைத் தட்டி, "அமரர் எண்டு போடாதை," என்றார். மகள் அங்கேயே இருந்து அச்சகக்காரருக்குச் செய்தி அனுப்பினாள்.

கலியாணம் மார்க்கம் நகரில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றது அக்காதான். சிலருக்கு அது பிடிக்கவில்லை என்பது அவர்கள் தலையைத் திருப்பிய விதத்திலேயே தெரிந்தது. மாப்பிள்ளை பகுதியில் வயதான ஒரு அம்மா, விவரம் தெரியாதவர், உள்ளே வரும்போது நின்று விசாரித்தார்.

"கார்ட்டிலை பேர் பாத்தனான். பொம்பிளையின்ரை தேப்பன் எங்கை பிள்ளை, உள்ளுக்கோ?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க முன்னுக்கு ஓடினேன். அக்கா என்னைப் பார்க்கவேயில்லை.

"ஆமியிட்டைக் குடுத்தனாங்கள், அன்ரி. இன்னும் திருப்பித் தரேல்லை," என்று சொல்லி, அந்த அம்மாவுக்குப் பன்னீர் தெளித்தார்.