கூரையில் பத்துத் தகரச் செட்டைகளும் புளியங்குளம் பயணமும்

ஏ9 வீதியில் வன்னிக்குப் போக எந்த மாதம் நல்லது என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது காற்றைப் பற்றித்தான். அறுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம் அந்த வீதியில் இரண்டு நாள் ஓடித் திரிந்தேன். என்ன நடந்ததென்று இன்றைக்கும் முழுதாக விளங்கவில்லை. விளங்கிய அளவுக்கு எழுதுகிறேன்.

அப்போது நான் கொழும்புப் பக்கம் விமானம் திருத்தும் இடமொன்றில் உதவியாளன். ஒரு விமானத்தின் இறக்கை மேல் விரல் நீளத் தகடுகள் வரிசையாக நிற்பதைக் கண்டு, ஏன் என்று பொறியியலாளரிடம் கேட்டேன். தகடு காற்றைச் சுழற்றிவிடுமாம். சுழலும் காற்று மேற்பரப்பை விட்டுச் சீக்கிரம் பிரியாதாம். வாகனங்களைப் பின்னுக்கு இழுப்பதும் அப்படிப் பிரிந்துபோகிற காற்றுத்தான், அதையும் இப்படிக் குறைக்கலாம் என்றார். தடையைக் குறைக்க இன்னொரு தடையா? எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும் பிஸ்கட் தகரத்தில் பத்துத் துண்டு வெட்டிப் பையில் வைத்துக்கொண்டேன்.

லீவில் வவுனியா ஸ்டேசனில் காலை ஆறு மணிக்கு இறங்கியபோது மச்சான் வான் வண்டியோடு நின்றார். அக்காவின் கணவர். கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலைக்கு வான் ஓட்டினார். சொந்தக் காணி இல்லை. தர்மபுரத்தில் உறவினர் ஒருவரின் வளவுக்குள் கொட்டில் போட்டு அக்காவோடு இருந்தார். மறுநாள் ஒன்பது மணிக்குப் புளியங்குளத்தில் அவருக்குக் காணிக் கச்சேரி. குடியேற்றக் காணிக்கு அரசாங்கம் ஆட்களைத் தெரிவுசெய்யும் விசாரணை அது. பெயர் கூப்பிடும்போது ஆள் முன்னால் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் காணியை மறந்துவிட வேண்டியதுதான்.

ஸ்டேசன் வாசலிலேயே வானின் கூரையில், பின் விளிம்பில், அந்தத் தகரங்களைத் தார் வைத்து ஒட்டினேன்.

“என்னடாப்பா இது, வானுக்கு மீன் செட்டை?”

“காத்து இழுக்கிறதைக் குறைக்கும், மச்சான்.”

“காத்துக்குக் குறுக்கால தகரத்தை வைச்சோ?”

“ஓம். எனக்கும் அந்த இடம்தான் வடிவா விளங்கேல்லை.”

ஆறே முக்காலுக்குப் புறப்பட்டோம். மாங்குளத்தில் தேத்தண்ணீர் இரண்டு, இருபது சதம். கிளிநொச்சி வரை நாற்பத்தேழு மைல், ஒன்பது மணிக்கு வந்துவிட்டோம். மச்சான் பெற்றோல் தாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்த்தார். வழக்கமாக மூன்று கலன் குடிக்கும் வான் இரண்டரைக் கலனோடு நிறுத்தியிருந்தது. நம்பாமல் இன்னொரு தரம் விட்டுப் பார்த்தார். நான் நிலத்தில் நிற்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தர்மபுரத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்தோம். தாங்கியில் இரண்டு கலன் இருந்தது. புளியங்குளத்துக்கு முப்பத்துநாலு மைல். பெற்றோல் அடிக்குமிடம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். மச்சான் அதன் முன்னால் வானை நிறுத்தினார்.

“பக்கத்துக் கடையிலை ஒரு போத்தல் எண்டாலும் கேட்டு வாங்குவம்.”

“வேண்டாம் மச்சான். ரண்டு கலன் தாராளமாக் காணும். நேத்துப் பாத்தனீங்கள்தானே.”

என் முகத்தைப் பார்த்தார். பிறகு வானை எடுத்தார்.

கனகராயன்குளம் தாண்டிச் சிறிது தூரத்தில், எட்டு முப்பத்தைந்துக்கு வான் நின்றது. குச்சி காய்ந்தபடி மேலே வந்தது. இன்னும் நாலு மைல். நடந்தோம், ஓடினோம், திரும்பவும் நடந்தோம். எதிர்க்காற்று செம்மண்ணை வாரி முகத்தில் அடித்தது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஒன்பது மணிக்குப் பிறகுதான் பின்னால் ஒரு லொறி வந்தது. முல்லைத்தீவிலிருந்து கருவாடு ஏற்றிவரும் முஸ்லிம் வியாபாரி, எங்களை முன்னால் ஏற்றிக்கொண்டு கதையைக் கேட்டார்.

“நேற்று வடக்கைதானே போனீங்க? சோளகம் பின்னால நிண்டு தள்ளியிருக்கும். இண்டைக்கு அதுக்கு எதிரா வாறீங்க. எண்ணெய் குடிக்காமல் என்ன செய்யும், தம்பி?”

ஆடியில் தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று! தார் ஒட்டுமா என்று யோசித்த நான் காற்று எந்தப் பக்கம் என்று யோசிக்கவில்லை. அப்படியானால் செட்டைகள் ஒன்றும் செய்யவில்லையா? அல்லது அவை இல்லாவிட்டால் வான் இன்னும் முன்னாலேயே நின்றிருக்குமா? அதுவும் தெரியவில்லை. மச்சான் கச்சேரிக்கு வரச்சொல்லி வந்திருந்த கடிதத்தை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒன்பது இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். “ரண்டு தரம் கூப்பிட்டாச்சு. இனி அடுத்த முறை வாங்கோ,” என்றார் எழுதுவினைஞர். அடுத்த முறை வர ஆறு வருடம் சென்றது.

அன்று பின்னேரம் தர்மபுரத்தில் அக்கா படலையடிக்கே வந்துவிட்டார். “என்னவாம்?”

“நான்தான் எண்ணெய் பாக்காமல் வானை எடுத்துக்கொண்டு போட்டன்,” என்றார் மச்சான்.

நான் வாய் திறக்கவில்லை. வெட்கம். பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அந்தப் பிறகு வரவேயில்லை. காணிப் பேச்சு எப்போது வந்தாலும் அக்கா, “இவர் எண்ணெய் பாக்காமல் போன மனிசன்” என்பார். மச்சான் சிரித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். சாகும்வரை மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு: ஆடியில் வடக்கேயிருந்து தெற்கே வருவதானால் தாங்கியை நிரப்பிக்கொள்ளுங்கள். வாகனத்தில் எதையாவது ஒட்டிப் பரீட்சை பார்ப்பதானால் ஒரே நாளில் போகவும் வரவும் ஓடி அளந்து பாருங்கள், தகடு இல்லாமலும் ஒரு தரம் ஓடுங்கள். அவசரமில்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

அக்கா, பேத்தி இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள் என்று தெரியும். மச்சான் அன்று காலை எண்ணெய் பார்த்தவர். வாங்கத்தான் வானை நிறுத்தினவர். வேண்டாம் என்றது நான்.